கேட்லினின் 25 அத்தியாயங்கள்

"அந்தம்மா மட்டும் வாயை வச்சிக்கிட்டு சும்மா இருந்திருந்தா அந்தக் குடும்பமே நல்லா இருந்திருக்கும்டி" என்றாள் அக்கா. "கேம் ஆஃப் த்ரோன்ஸ்" தொடரை அவள் முதல் தடவையாகப் பார்த்துக்கொண்டிருந்தாள், இரண்டாவது சீசன் முடிந்திருந்தது. அந்தம்மா என்று அவள் சொன்னது கேட்லின் ஸ்டார்க்கை. எனக்குச் சுள்ளென்று கோபம் வந்தது, என் சொந்தக்காரி ஒருத்தியைப் பற்றித் தப்பாகப் பேசிவிட்ட மாதிரி. நான்கைந்து நிமிடம் வாதாடினேன். அப்புறம்தான் உறைத்தது, அவள் பார்த்ததை வைத்துப் பார்த்தால் அவள் சொல்வதில் தப்பே இல்லை. அவள் பார்த்த கேட்லினும் நான் படித்த கேட்லினும் ஒரே பெயர், ஒரே புருஷன், அதே ஐந்து பிள்ளைகள், அதே சாவு. ஆனால் ஆள் வேறு. அன்றைக்குப் போனில் சொல்லி முடிக்க முடியாததைத்தான் இங்கே எழுதுகிறேன். நாவலையோ தொடரையோ இன்னும் முடிக்காதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளுங்கள், கீழே கதை முழுக்க உடைபடும்.

முதலில் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் அந்தத் தொடருக்கு மூலமான நாவல்களைக் கட்டியிருக்கும் விதத்தைச் சொல்லியாக வேண்டும். 1996இல் வந்த முதல் நாவலில் ஒவ்வொரு அத்தியாயத்தின் தலையிலும் ஒரு பெயர் இருக்கும். பிரான், கேட்லின், டெனேரிஸ், எட்டார்ட், ஜான், ஆர்யா, டிரியன், சான்சா என்று எட்டுப் பேர், அதற்கு முன்னால் ஒரு முன்கதை. யார் பெயர் மேலே இருக்கிறதோ அவர் பார்த்தது, கேட்டது, நினைத்தது மட்டும்தான் நமக்குக் கிடைக்கும். எல்லாம் தெரிந்த கதைசொல்லி என்று யாரும் கிடையாது. இதில் யார் விடுபட்டிருக்கிறார்கள் என்று பார்த்தால்தான் விஷயம் புரியும். ராபர்ட் அரசன், அவனுக்கு ஒரு அத்தியாயம்கூட இல்லை. டைவின் லானிஸ்டர் பாதிக் கதையை ஆட்டிவைக்கிறவன், அவனுக்கும் இல்லை. ராப் ஸ்டார்க்குக்கும் இல்லை! பதினைந்து பதினாறு வயதுப் பையன், போன போரையெல்லாம் ஜெயிக்கிறான், வடக்கின் அரசனாகிறான், ஃப்ரே வீட்டுக்குக் கொடுத்த கல்யாண வாக்கை இன்னொரு பெண்ணுக்காக உடைக்கிறான், சாகிறான், ஒரு தடவைகூட அவன் மனதுக்குள் நாம் போவதில்லை. அத்தனையையும் அவன் அம்மாவின் கண் வழியாகத்தான் பார்க்கிறோம். முதல் நாவலில் 11, இரண்டாவதில் 7, மூன்றாவதில் 7, ஆக 25 அத்தியாயங்கள் நாம் கேட்லினின் தலைக்குள் குடியிருக்கிறோம். வடக்கு எழுந்து போருக்குப் போன கதை என்பது நாவலில் ஒரு தாய் தன் மூத்த மகன் கைவிட்டுப் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கும் கதை.

கேமராவால் அப்படி ஒருத்தியின் கண்ணுக்குள்ளேயே உட்கார்ந்திருக்க முடியாது. ராப் கூடாரத்தில் என்ன செய்கிறான் என்று அது நேராகப் போய்ப் பார்த்துவிடுகிறது, அவன் காதலிப்பதை எபிசோட் எபிசோடாகக் காட்டுகிறது, அழகான இளம் அரசன் நாயகனாகிவிடுகிறான். அப்புறம் அந்தக் கூடாரத்துக்குள் நுழைந்து "இதைச் செய்யாதே, அதைச் செய்யாதே" என்று சொல்லும் அம்மா யாராகிவிடுவாள்? குறுக்கே நிற்கிறவள்தான். ஸ்டார்க் வீட்டில் வளர்ந்த தியானை அவன் அப்பாவிடம் தூது அனுப்பாதே என்று அவள் எச்சரிக்கிறாள், அது தொடரிலும் இருக்கிறது, அவள் சொன்னபடியே நடக்கவும் செய்கிறது. ஆனால் அவள் சொன்னது பலித்தது யாருக்கும் நினைவில் நிற்பதில்லை, அவள் தடுத்ததுதான் நிற்கிறது.

இது வடிவம் செய்த மாற்றம், அதற்கு யாரையும் குறை சொல்ல மாட்டேன். என் வருத்தமெல்லாம் எழுத்தில் வேண்டுமென்றே செய்த சில மாற்றங்கள் மேல்தான்.

ராபர்ட் ஸ்டார்க்குகளின் கோட்டையான வின்டர்ஃபெல்லுக்கு வந்து கேட்லினின் புருஷன் நெட்டை, அதாவது எட்டார்டை, தன் பிரதான அமைச்சனாக வரச்சொல்லிக் கேட்கிறான். தொடரில் கேட்லின் போகாதே என்று கெஞ்சுகிறாள், குடும்பத்தை விட்டுப் போகாதே என்கிறாள், நாம் ஆயிரம் தடவை பார்த்த மனைவி. நாவலில் நெட்தான் போக மாட்டேன் என்கிறான், கேட்லின்தான் போகச் சொல்கிறாள். அரசன் தேடி வந்து கொடுக்கும் மரியாதையை மறுத்தால் அவனுக்குச் சந்தேகம் வரும், ராபர்ட் பழைய நண்பன் இல்லை, இப்போது அரசன் என்று அவளுக்குத் தெரிகிறது. மகளுக்கு இளவரசனோடு சம்பந்தம் பேசுகிறார்கள், அவள் ஒரு நாள் ராணியாவாள் என்ற கணக்கும் இருக்கிறது. தங்கையிடமிருந்து ரகசியக் கடிதம் வந்ததும் இன்னும் அழுத்திச் சொல்கிறாள். அவள் டல்லி வீட்டுப் பெண், "குடும்பம், கடமை, மானம்" என்பது அந்த வீட்டின் வாசகம், அரசியல் அவளுக்குப் பிறந்த வீட்டுச் சீதனம். புருஷனைச் சாவுக்கு அனுப்பியதில் அவள் கையும் இருக்கிறது என்பதுதான் நாவல் அவள் மேல் ஏற்றும் பாரம், கடைசி வரைக்கும் அவள் அதைச் சுமக்கிறாள். தொடரில் அந்தப் பாரமே இல்லை, அவள்தான் அன்றைக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டாளே.

இரண்டாவது, நெட்டின் தலை விழுந்த செய்தி வந்த பிறகு. தொடரில் ராப் காட்டில் ஒரு மரத்தை வாளால் வெட்டிக்கொண்டு நிற்கிறான், கேட்லின் அவனைக் கட்டிப்பிடித்து, முதலில் பெண்களை மீட்க வேண்டும், அப்புறம் அவர்கள் எல்லாரையும் கொல்வோம் என்கிறாள். நல்ல காட்சிதான், எனக்கும் சிலிர்த்தது. ஆனால் நாவலில் நடப்பது இதற்கு நேர் எதிர். ரிவர்ரன் கோட்டையில் பிரபுக்கள் எல்லாம் கூடிப் பழிவாங்குவதைப் பற்றிக் கத்திக்கொண்டிருக்கும்போது, அங்கே இருப்பவர்களில் எல்லாரையும்விட அதிகமாக இழந்தவள் எழுந்து, சமாதானம் பேசுங்கள் என்கிறாள். நெட் போய்விட்டான், இன்னும் எத்தனை பேர் செத்தாலும் அவன் திரும்பப் போவதில்லை, என் பெண்கள் எனக்கு வேண்டும், என் மகனை வீட்டுக்குக் கூட்டிப்போக வேண்டும் என்கிறாள். அவள் சொல்வதைக் கேட்டிருந்தால் அந்த அறையில் இருந்த பாதிப் பேர் பிழைத்திருப்பார்கள். கேட்கவில்லை. கொஞ்ச நேரத்தில் வடக்கின் அரசன் என்று கூச்சல் எழுகிறது, நமக்கும் உடம்பு சிலிர்க்கிறது, ஆனால் அந்தக் கூச்சலை அவளுடைய காதால்தான் கேட்கிறோம். மகன் அரசனாகும் நொடி அவளுக்கு வீட்டுக் கதவு சாத்தும் சத்தம். இதை விட்டுவிட்டு எல்லாரையும் கொல்வோம் என்று ஒரு வரியை அவள் வாயில் வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

மூன்றாவது, அக்கா கொதித்துப் போயிருந்த விஷயம், கைதியாக இருந்த எதிரி ஜேமி லானிஸ்டரை அவிழ்த்து விட்டது. இரண்டாவது நாவலின் அவள் கடைசி அத்தியாயத்தில், கோட்டையில் வெற்றிக் கொண்டாட்டம் நடக்கும் இரவில், அவள் தனக்குத் துணையாக இருக்கும் வீராங்கனை பிரியென்னோடு தனியாகச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கிறாள். பறவை ஒரு சேதி கொண்டுவந்திருக்கிறது, பிரானும் ரிக்கனும் செத்துவிட்டார்கள் என்று. அதை அவள் சொல்லும் விதத்தில் அழுகைகூட இல்லை. புருஷன் இல்லை, இரண்டு சின்னப் பிள்ளைகள் இல்லை, இரண்டு பெண்கள் எதிரி கையில். அதற்கப்புறம்தான் அவள் ஜேமி இருக்கும் பாதாள அறைக்கு இறங்கிப் போகிறாள். அது பொய்ச் செய்தி என்று வாசகருக்குத் தெரிகிறது, அவளுக்குத் தெரியாது. தொடரில் அவள் ஜேமியை விடும்போது அந்தச் செய்தி அவளுக்கு வரவே இல்லை. துக்கத்தில் புத்தி பேதலித்துச் செய்த காரியத்திலிருந்து துக்கத்தை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது முட்டாள்தனம் மட்டும்தான். அக்கா திட்டாமல் என்ன செய்வாள்?

நெட்டுக்கு வேறொருத்தியிடம் பிறந்தவன் என்று அந்த வீட்டில் வளர்ந்த ஜான் ஸ்னோ விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். நாவலில் அவள் மகன் பிரான் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கும்போது, விடைபெற வந்த ஜானிடம் அவள் இந்த இடத்தில் நீ கிடந்திருக்க வேண்டும் என்கிறாள். பதினாலு வயதுப் பையனிடம். கொடூரம், அதை நான் நியாயப்படுத்த மாட்டேன், மார்ட்டினும் நியாயப்படுத்தவில்லை. தொடர் அந்த வாக்கியத்தை எடுத்துவிட்டது. ஆனால் மூன்றாவது சீசனில் நாவலில் இல்லாத ஒரு கதையை அவளே சொல்லும்படி வைத்தார்கள். ஜான் குழந்தையாக இருந்தபோது அவன் சாக வேண்டும் என்று வேண்டினாளாம், அவனுக்கு அம்மை கண்டதும் பயந்து, பிழைத்தால் நானே அம்மாவாக இருக்கிறேன் என்று நேர்ந்துகொண்டாளாம், பிழைத்ததும் நேர்த்தியை மறந்தாளாம், ஒரு தாயில்லாப் பிள்ளையை நேசிக்க முடியாததால்தான் இந்தக் குடும்பத்துக்கு இத்தனையும் வந்ததாம். மிஷெல் ஃபேர்லி அதை அவ்வளவு நன்றாக நடித்திருக்கிறார் என்பதே எனக்கு வலிக்கிறது. ஆண்கள் தொடங்கிய போர், ஆண்கள் உடைத்த வாக்கு, எல்லாவற்றையும் கொண்டுபோய் ஒருத்தி ஒரு குழந்தைக்குத் தாயாக இல்லாத பாவத்தில் சேர்த்துவிட்டார்கள்.

தியான் கிரேஜாயைப் பற்றி எழுதாமல் இதைக் கடக்க முடியாது, ஏனென்றால் அந்த அத்தியாயத் தலைப்பு என்னும் சின்ன உபாயத்தை வைத்து மார்ட்டின் செய்த பெரிய காரியம் தியானிடம்தான் இருக்கிறது. இரண்டாவது நாவலில் தியானுக்கு 6 அத்தியாயங்கள். வளர்த்த வீட்டைக் காட்டிக்கொடுக்கிறான், வின்டர்ஃபெல்லைப் பிடிக்கிறான், தோற்கிறான். அதோடு ஆள் காணாமல் போகிறான். மூன்றாவது நாவலில் இல்லை, 2005இல் வந்த நான்காவதிலும் இல்லை. பத்து வருஷத்துக்கும் மேல் வாசகர்கள் அவனுக்கு என்ன ஆயிற்று என்று துண்டு துண்டாக வந்த சேதிகளை வைத்து மட்டும் யோசித்துக்கொண்டிருந்தார்கள். 2011இல் ஐந்தாவது நாவல் வருகிறது. "ரீக்" என்று ஒரு அத்தியாயம். இருட்டறையில் யாரோ ஒருவன் எலியைத் தின்றுகொண்டிருக்கிறான். யார் இவன்? அவனுக்கே தன் பெயரைச் சொல்லப் பயம், நினைக்கக்கூடப் பயம். பற்கள் உடைந்து, விரல்கள் போய், தலை நரைத்துக் கிழவனாகிவிட்ட அந்த ஆள் தியான்தான் என்று நமக்கு மெல்லத் தெரியும்போது வயிற்றைப் பிசைகிறது. அவனைச் சிறைபிடித்து வைத்திருந்த ராம்சே அவனை என்னென்ன செய்தான் என்று மார்ட்டின் நேராகக் காட்டவே இல்லை, உடைந்து முடிந்த மனதுக்குள் நம்மை உட்கார வைத்துவிட்டார், அவ்வளவுதான். ரீக் என்று மூன்று அத்தியாயம், அப்புறம் "வின்டர்ஃபெல்லின் இளவரசன்", அப்புறம் "கட்சி மாறியவன்", அப்புறம் "வின்டர்ஃபெல்லில் ஒரு பேய்". ஏழாவது அத்தியாயத்தில்தான் தலைப்பில் அவன் பெயர் திரும்ப வருகிறது, "தியான்". கதை உள்ளே நடப்பதற்கு முன்பே மேலே ஒற்றைச் சொல்லில் அந்தப் பெயரைப் பார்த்ததும் நான் புத்தகத்தை மடியில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தேன்.

அவன் காப்பாற்றும் பெண்ணும் முக்கியம். நாவலில் ராம்சேக்குக் கட்டிவைக்கப்படுகிறவள் சான்சா இல்லை, சான்சாவின் தோழி ஜெயின் பூல், வின்டர்ஃபெல் காரியஸ்தனின் மகள். அவளை ஆர்யா ஸ்டார்க் என்று பொய் சொல்லிக் கட்டிவைக்கிறார்கள். வடக்கே இருக்கும் பிரபுக்கள் நெட்டின் பெண்ணுக்காகப் பதறுகிறார்கள், ஜெயின் பூலுக்காகப் பதற உலகத்தில் யாருமே கிடையாது. அவளைச் சின்ன வயதிலிருந்தே ஜெயினாகத் தெரிந்தவன் அங்கே தியான் மட்டும்தான். இன்னொருத்தியின் பெயரைச் சுமக்கும் அவளும், நாய்க்கு வைப்பது போல் வைத்த பெயரைச் சுமக்கும் அவனும். அவளைக் காப்பாற்றினால் ஒரு லாபமும் இல்லை, அவளுக்காக அவன் கோட்டைச் சுவரிலிருந்து பனியில் குதிக்கிறான். தொடரின் ஐந்தாவது சீசனில் அந்த இடத்தில் சான்சாவைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். தெரிந்த முகத்தை வைத்தால் பார்க்கிறவர்களுக்குப் பதைப்பு கூடும் என்று நினைத்திருப்பார்கள், அது புரிகிறது. ஆனால் யாருக்கும் வேண்டாத ஒருத்திக்காக என்பதுதான் தியான் மீண்டதன் அர்த்தமே. ஆல்ஃபி ஆலன் அந்தக் குறையைத் தன் உடம்பை வைத்தே எவ்வளவோ ஈடுகட்டினார், அந்தக் கூனலும் கண்ணை நிமிர்த்தாத நடையும் இன்னும் என் கண்ணில் நிற்கின்றன.

ஜேமியைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள், ஒன்று மட்டும். இரண்டு நாவல் முழுக்க அவனை வெறுக்க வைத்துவிட்டு மூன்றாவதில் அவன் தலைப்பில் அத்தியாயம் தொடங்குவதுதான் அங்கே நடக்கும் காரியம். தொடரில் முதல் எபிசோடிலிருந்தே முகம் தெரிந்த ஆள், அதனால் அந்த அதிர்ச்சி இல்லை. ஆனாலும் ஹாரன்ஹால் குளியலறையில் பிரியென்னிடம் அவன் பைத்தியக்கார அரசனை ஏன் கொன்றேன் என்று சொல்லும் காட்சி நாவலுக்குச் சரிசமம், அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.

தொடர் பறித்துக்கொண்டதை மட்டும் சொன்னால் அநியாயம், கொடுத்ததும் நிறைய. முதல் சீசனின் ஐந்தாவது எபிசோடில் ராபர்ட்டும் அவன் ராணி செர்சியும் மட்டும் மதுக்கோப்பைகளோடு உட்கார்ந்து பேசுகிறார்கள். முதல் நாவலில் இந்தக் காட்சி இருக்க வழியே இல்லை, இரண்டு பேருக்கும் அங்கே அத்தியாயம் கிடையாது, அறையில் வேறு யாரும் இல்லை. நாம் இரண்டு பேரும் சேர்ந்து வாழ எப்போதாவது வாய்ப்பு இருந்ததா என்று அவள் கேட்க, இல்லை என்று அவன் சொல்லிவிட்டு, இப்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேட்கிறான். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்கிறாள். அந்த ஒன்றுமில்லையை லீனா ஹெடி சொன்ன விதத்தில் ஒரு பதினேழு வருஷக் கல்யாணம் கண்முன்னே வந்து நின்றது. அதே மாதிரி இரண்டாவது சீசனில் ஆர்யாவை டைவினுக்குப் பணிப்பெண்ணாக வைத்தது. நாவலில் அவள் ஹாரன்ஹாலில் பின்னால் ரூஸ் போல்டனுக்குத்தான் மது ஊற்றுகிறாள். சார்லஸ் டான்ஸும் அந்தச் சின்னப் பெண்ணும் ஒரே மேசையில் பேசுவதைப் பார்த்த பிறகு நாவலுக்குத் திரும்பினால் அந்த இடம் காலியாகத் தெரிகிறது.

எல்லாவற்றையும்விடப் பெரிய கொடை முன்கதைத் தொடரான "ஹவுஸ் ஆஃப் தி டிராகன்" தந்த அரசன் முதலாம் விசெரிஸ். அதன் மூலம் 2018இல் வந்த "ஃபயர் அண்ட் பிளட்", அது நாவலே கிடையாது, அந்த உலகத்து அறிஞரான ஒரு மேஸ்டர் எழுதிய வரலாறு என்ற பாவனையில் எழுதப்பட்டது. மஷ்ரூம் என்ற விதூஷகன் ஒன்று சொல்வான், யூஸ்டஸ் என்ற மதகுரு இன்னொன்று சொல்வான், எது உண்மை என்று நாம்தான் முடிவுசெய்ய வேண்டும். யார் தலைக்குள்ளும் போக வழியில்லை. அதில் விசெரிஸ் விருந்துபசாரம் பிடித்த, எல்லாரோடும் சிரித்துப் பேசும் குண்டு அரசன், சில பக்கங்களில் முடிந்துபோகிறவன். 2022இல் பேடி கான்சிடைன் அந்த ஆளை அழுகிக்கொண்டே ஆட்சி செய்யும் ஒரு தகப்பனாக்கினார். எட்டாவது எபிசோடில் பாதி முகத்துக்குத் தங்க மூடி போட்டுக்கொண்டு, கோலை ஊன்றி, மகளின் பக்கம் பேசுவதற்காக அந்தச் சபை முழுக்க நடந்து வந்து சிம்மாசனத்தில் ஏறுகிறாரே! படியில் கிரீடம் விழ, காலமெல்லாம் முரண்டிய தம்பி டேமன் அதை எடுத்து அண்ணன் தலையில் வைக்கிறான். உங்கள் விசெரிஸ் என் விசெரிஸைவிட மேல் என்று மார்ட்டினே அவருக்கு எழுதினார். எழுதினவரே அப்படிச் சொன்ன பிறகு நான் என்ன சேர்க்க.

அதே தொடர்தான் இரண்டாவது சீசனில் ராணி ஹெலேனாவிடமிருந்து அவள் சின்ன மகன் மெய்லோரைப் பறித்தது. நூலில் கொலைகாரர்கள் அவளுடைய இரண்டு மகன்களில் எவன் சாக வேண்டும் என்று அவளையே சொல்லச் சொல்கிறார்கள், அவள் சின்னவன் பெயரைச் சொல்கிறாள், அவர்கள் பெரியவனைக் கொல்கிறார்கள். சின்னவன் உயிரோடு இருக்கிறான், அம்மா தன்னைத்தான் கொடுத்தாள் என்ற உண்மையோடு. தொடரில் சின்னவனே இல்லை.

சரி, கேட்லினுக்கு வருகிறேன். மூன்றாவது நாவலை எழுதும்போது மார்ட்டின் மற்றதெல்லாம் முடித்துவிட்டு, ஒரு கல்யாண விருந்தில் ராப்பும் அவளும் கொல்லப்படும் அந்த அத்தியாயத்தைக் கடைசியாகத்தான் எழுதினார், அவரால் அதற்கு முன்னால் முடியவில்லை. தொடரில் அது மூன்றாவது சீசனின் ஒன்பதாவது எபிசோட், 2013 ஜூன் மாதம் வந்தது. ராப் விழுந்த பிறகு கேட்லின் ஒன்றும் செய்யாமல் நிற்கும் சில நொடிகள், முகத்திலிருந்து எல்லாம் வடிந்துபோய், கழுத்தில் கத்தி வரும்வரை. அப்புறம் இசையே இல்லாமல் பெயர்கள் ஓடும். அதை யாராலும் இதைவிட நன்றாக எடுத்திருக்க முடியாது. நாவலில் நாம் அந்த நொடிகளில் வெளியே இல்லை, உள்ளே இருக்கிறோம். அவள் தன் முகத்தைத் தானே நகத்தால் கீறிக்கொள்கிறாள், கன்னத்தில் ஓடுவது கூசுகிறது, சிரிக்கிறாள், யாரோ முடியைப் பிடித்து இழுக்கிறார்கள். அவள் நினைக்கிறாள், வேண்டாம், முடியை வெட்டாதீர்கள், நெட்டுக்கு என் முடி ரொம்பப் பிடிக்கும் என்று. அவள் கடைசி நினைப்பு அதுதான்.

தொடரில் இல்லாத ஒன்று நாவலில் அதற்கப்புறமும் இருக்கிறது. மூன்று நாள் ஆற்றில் கிடந்த அந்த உடம்பு எழுந்து வருகிறது. கல்நெஞ்சுச் சீமாட்டி என்று பெயர். கழுத்து அறுபட்டதால் பேச்சு வராது, காயத்தைக் கையால் பொத்திக்கொண்டு கரகரப்பாக ஏதோ சொன்னால் பக்கத்தில் இருப்பவர்கள் அதை எடுத்துச் சொல்வார்கள். அவளைத் தொடரில் சேர்க்கவில்லை என்று ரசிகர்கள் எவ்வளவோ கோபப்பட்டார்கள், நானும்தான். ஆனால் என்னை உலுக்கியது அவள் எழுந்து வந்தது இல்லை. 25 அத்தியாயங்கள் அவள் தலைக்குள் வாழ்ந்த நமக்கு 26ஆவது கிடையாது. அவளைக் கொன்ற ஃப்ரே வீட்டைச் சேர்ந்த, தூக்கில் தொங்கப்போகும் ஒருவனின் கண்ணால் அவளைப் பார்க்கிறோம், அப்புறம் பிரியென்னின் கண்ணால். உள்ளே இன்னும் கேட்லின் இருக்கிறாளா, பெண்களைத் தேடுகிறாளா, ஒன்றும் தெரியாது. கதவை ஆசிரியரே சாத்திவிட்டார்.

அக்கா அந்த எபிசோடைப் பார்த்த இரவு எனக்குப் போன் செய்தாள், கொஞ்ச நேரம் பேசவே இல்லை. முடியைப் பற்றிய அந்த இடத்தை நான் படித்துக் காட்டினேன். அடுத்த வாரம் வந்து முதல் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போனாள். நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஒரு மெசேஜ்: "ஏய், நெட்டைப் போகச் சொன்னதே இவதானா?"